செத்த லேப்டாப் போர்டுக்கு நாடி பார்ப்பது எப்படி?

(அறிவியல் பகுதி)



இந்த மாத சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு லேப்டாப் மதர்போர்டு. "அய்யோ, இது காலேஜ் பாடம், நமக்கு எதுக்கு?" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'மின்னூட்டமும் மின்னோட்டமும்' என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதைப் புரிந்து படித்தால் இதில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு விலையில்லா மடிக்கணினி திட்டத்தைத் தொடங்கியது. நம் ஊர் அக்கா, அண்ணன்கள் நிறைய பேர் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கினார்கள். எங்கள் தெருவில் மட்டும் விசாரித்துப் பார்த்தேன். 7 வீட்டில் அது பரண்மேல் கிடக்குது. கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க: "ஆன் ஆகல, போர்டு போச்சு." சரி, போர்டில் ஆயிரம் பாகம் இருக்கே, அதில் எது போச்சு? அது யாருக்கும் தெரியவில்லை.

என் சித்தப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கோடை விடுமுறையிலும் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளிலும் அங்கே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. போர்டில் யார் யார் இருக்காங்க?

மின்தேக்கி: அரிசி நொய் மாதிரி பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். மேலே எதுவும் எழுதியிருக்காது. பக்கத்தில் போர்டில் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் கொடுப்பது இதன் வேலை. நம் வீட்டு மாடியில் தண்ணித் தொட்டி இருக்கிற மாதிரி.

மின்தடை: கறுப்பாக, மேலே நம்பரோடு இருக்கும். 103 என்று இருந்தால் நூற்று மூன்று இல்லை. 10 எழுதி பக்கத்தில் 3 சைபர் போடணும். அதாவது 10,000 ஓம்.

காயில்: சாம்பல் நிறச் சதுரக் கட்டி. இதைத் தொட்டு அளந்தால் அந்த லைனில் எத்தனை வோல்ட் வருதுன்னு தெரிஞ்சிடும். அதனால் மெக்கானிக்குகளுக்கு இதுதான் நாடி பிடிக்கிற இடம்.

மாஸ்பெட்: எட்டுக் காலோடு சின்ன கறுப்புச் சதுரம். வாய்க்கால் மடை மாதிரி. திறந்தால் மின்சாரம் போகும், மூடினால் நிற்கும். இதை 1959-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முகமது அட்டல்லா, டேவான் காங் என்ற இருவர் உருவாக்கினார்கள்.

கிரிஸ்டல்: போர்டின் கடிகாரம். ஒரு வினாடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் இந்த விநோதமான எண்? 32,768-ஐப் பாதி, பாதி என்று 15 தடவை வகுத்துப் பாருங்கள். சரியாக 1 வரும். அதுதான் ஒரு வினாடி!

ஐசி: பல கால்கள் உள்ள கறுப்பு வில்லை. ஒவ்வொரு ஐசிக்கும் ஒரு வேலை.

2. முதலில் பாதுகாப்பு

இதைப் படிக்காமல் அடுத்த பத்திக்குப் போகாதீர்கள்.

* சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் போர்டில் கை வைக்கணும். கழற்றிய பிறகு பவர் பட்டனை ஒரு 30 வினாடி அழுத்திப் பிடிச்சா மிச்ச மின்னூட்டமும் வடிஞ்சிடும்.
* சார்ஜர் பெட்டியைப் பிரிக்கவே கூடாது. உள்ளே 230 வோல்ட் வருது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.
* பேட்டரி உப்பி இருந்தால் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.
* சால்ட்ரிங் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வைக்கணும். புகையை மூக்கில் இழுக்கக் கூடாது. ஈயம் கலந்த பற்று என்றால் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.
* பெரியவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொல்வது இதற்கும் பொருந்தும்.

3. மின்சாரம் போகும் பாதை

சித்தப்பா எனக்கு முதல் நாள் சொன்னது இது: "லேப்டாப் ஆன் ஆகறது பஸ் ரூட் மாதிரிம்மா. முதல் ஸ்டாப்பிங்குக்கு பஸ் வராம ரெண்டாவது ஸ்டாப்பிங்குல நின்னு எட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல."

அந்த ரூட் இதுதான்:

முதல் நிறுத்தம்: சார்ஜர். பெரும்பாலும் 19 வோல்ட். சிலதில் 19.5 அல்லது 20. புது டைப்-சி சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும். சார்ஜரும் போர்டும் 'பேசி' முடித்த பிறகுதான் 20 வோல்ட் வரும்.

இரண்டாம் நிறுத்தம்: ஜாக், பியூஸ், மாஸ்பெட். இங்கே ஒரு ஐசி சோதித்துப் பார்த்துதான் மடையைத் திறக்கும்.

மூன்றாம் நிறுத்தம்: மெயின் லைன். அதே 19 வோல்ட் போர்டு முழுக்கப் பரவும்.

நான்காம் நிறுத்தம்: 3.3 வோல்ட், 5 வோல்ட். பட்டனை அழுத்தும் முன்பே இது தயாராக நிற்கணும்.

ஐந்தாம் நிறுத்தம்: ஈசி என்ற காவல்கார ஐசி. நாம் பவர் பட்டனை அழுத்தினால் முதலில் இவருக்குத்தான் தெரியும். இவர் மற்றவர்களை வரிசையாக எழுப்புவார்.

ஆறாம் நிறுத்தம்: ரேம், பிராசசர். டிடிஆர்-3 ரேம் என்றால் 1.5 அல்லது 1.35 வோல்ட், டிடிஆர்-4 என்றால் 1.2 வோல்ட். பிராசசருக்கு சுமார் 1 வோல்ட்.

ஏழாம் நிறுத்தம்: பயாஸ் சிப்பில் உள்ள கட்டளையைப் பிராசசர் படிக்கும். திரையில் படம் வரும்.

எந்த நிறுத்தத்தில் பஸ் நின்னுடுச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் முழு வித்தையும். பாகத்தை மாத்துறது அதுக்கு அப்புறம்தான்.

4. பிரிக்கும் முன் செய்ய வேண்டியது

போர்டைப் பிரிக்காமலே பாதி லேப்டாப்புக்கு விடை கிடைச்சிடும் என்கிறார் சித்தப்பா.

(அ) சார்ஜர் முனையில் மீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள்.
(ஆ) பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் போட்டுப் பாருங்கள்.
(இ) பேன் சுத்துது, திரை மட்டும் வரவில்லை என்றால் வேறு மானிட்டரில் இணைத்துப் பாருங்கள்.
(ஈ) ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி மாட்டுங்கள்.

இதில் எதுவும் சரிவரவில்லை என்றால்தான் போர்டு பக்கம் போகணும்.

5. ஒரு உண்மையான நோயாளி

என் பெரியம்மா மகள் அக்கா, காலேஜ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பழைய லேப்டாப் ஒன்றைத் தவணையில் வாங்கி, அதில்தான் புராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் பஸ் கூட்டத்தில் பை நசுங்கியது. அன்று இரவு ஆன் ஆகவில்லை. லைட்டே இல்லை. டவுனில் ஒரு கடையில் காட்டியதற்கு, "போர்டு மாத்தணும், 8,500 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க. தவணையே இன்னும் முடியல. அக்கா அழுதுகொண்டே கடைக்கு வந்தாள். புராஜெக்ட் கொடுக்க 9 நாள்தான் பாக்கி.

சித்தப்பா என்னிடம் மீட்டரைக் கொடுத்து, "நீ பாரு கண்ணு, நான் கேள்வி மட்டும் கேக்கறேன்" என்றார்.

சார்ஜர் 19.4 வோல்ட் காட்டியது. முதல் நிறுத்தம் சரி.

ஜாக்கின் பின்பக்கமும் 19.4 வந்தது. பியூஸ் நல்லா இருந்தது. ஆனால் மாஸ்பெட்டைத் தாண்டி மெயின் லைனில் வோல்ட் இல்லை.

"ஏன் மடை திறக்கல?" என்று கேட்டார்.

"மாஸ்பெட் கெட்டிருக்கும், இல்லைன்னா அந்தப் பக்கம் ஏதோ ஷார்ட் இருக்கும் சித்தப்பா" என்றேன்.

"ரெண்டுல எது? ஊகம் வேண்டாம், மீட்டரைக் கேளு."

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மெயின் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஓம் அளந்தேன். 0.6 காட்டியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் 0.2 காட்டும்; அது மீட்டர் வயரின் தடை. அதைக் கழித்தால் 0.4 ஓம். நல்ல போர்டில் இந்த இடத்தில் ஆயிரக்கணக்கான ஓம் இருக்கணும். ஆக ஷார்ட்!

இங்கேதான் பெரிய சிக்கல். மெயின் லைனில் இருக்கிற மின்தேக்கி எல்லாம் பக்க இணைப்பில் இருக்கு. அதில் ஒன்று ஷார்ட் ஆனாலும் எதில் மீட்டர் வைத்தாலும் அதே 0.4 தான் காட்டும். வகுப்பில் ஒருத்தி பேசினா, வெளியே போற சாருக்கு மொத்த வகுப்பும் பேசுற மாதிரி கேக்குமே, அது மாதிரி. பேசுனவ யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அதற்குத்தான் ஓம் விதி. ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1827-ஆம் ஆண்டு தன் விதியைப் புத்தகமாக வெளியிட்டார். நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அதே விதிதான் இது.

கடையில் வோல்ட்டையும் ஆம்பியரையும் நாமே வைத்துக்கொள்ளும் ஒரு பவர் சப்ளை இருக்கு. அதிலிருந்து மெயின் லைனுக்கு 1 வோல்ட் மட்டும் கொடுத்தோம்.

மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை = 1 ÷ 0.4 = 2.5 ஆம்பியர்.
திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் = 1 × 2.5 = 2.5 வாட்.

சப்ளையில் 2.3 ஆம்பியர் காட்டியது. (வயரின் தடையும் சேருமே!) நல்ல பாகங்கள் வழியாக இந்த மின்சாரம் ஏறக்குறைய போகாது. எல்லாமே ஷார்ட் ஆன அந்த ஒரே நொய் வழியாகத்தான் ஓடும். இரண்டு வாட்டுக்கு மேல் ஒரு நொய்யில் இறங்கினால் அது சுடாமல் என்ன செய்யும்?

போர்டின் மேல் ஐபிஏ என்ற ஆல்கஹாலைப் பிரஷ்ஷால் தடவினோம். ஈரம் எல்லா இடத்திலும் மினுமினு என்று இருந்தது. சில வினாடியில் சார்ஜிங் காயில் பக்கத்தில் ஒரே ஒரு மின்தேக்கியின் தலை மட்டும் பளிச்சென்று காய்ந்தது. "அதோ!" என்று கத்திவிட்டேன். கடைக்கு வந்திருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்றார். சித்தப்பா போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மீட்டருக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்கய்யா" என்றார்.

(முக்கியக் குறிப்பு: இப்படி வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது அந்த லைனுக்கு உரிய வோல்ட்டைத் தாண்டவே கூடாது. 1 வோல்ட் லைனில் 5 வோல்ட் கொடுத்தால் நாமே கொலை செய்த மாதிரி.)

அந்த மின்தேக்கி ஏன் கெட்டது? அது ஒருவகைப் பீங்கான். உள்ளே தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். பை நசுங்கி போர்டு வளைந்தபோது உள்ளே விரிசல் விட்டு, தகடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும் என்றார் சித்தப்பா.

பிளக்ஸ் தடவி, சூடு தாங்கும் டேப்பை அக்கம்பக்கம் ஒட்டி, ஹாட் ஏர் மெஷினில் 350 டிகிரி வைத்து சித்தப்பா அதைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். (நான் ஹாட் ஏர் பிடிப்பது பழைய கழிவு போர்டில் மட்டும்தான்.) மறுபடி ஓம் அளந்தேன். எண் ஏறிக்கொண்டே போய் கிலோ ஓம் கணக்கில் நின்றது. ஏன் ஏறுது தெரியுமா? மீட்டர் கொடுக்கும் சிறு மின்சாரத்தில் மற்ற மின்தேக்கிகள் நிரம்பிக்கொண்டு வருது, அதனால்தான்.

கழிவு போர்டிலிருந்து 10 மைக்ரோபாரட், 25 வோல்ட் மின்தேக்கி ஒன்றை எடுத்து வைத்தோம். அளவு சமமாக இருக்கணும். வோல்ட் தாங்கும் சக்தி சமமாகவோ கூடவோ இருக்கணும். குறையவே கூடாது.

உடனே சார்ஜரை மாட்டவில்லை. பவர் சப்ளையில் 19 வோல்ட் வைத்து, ஆம்பியரை முதலில் குறைவாகக் கட்டுப்படுத்தி வைத்தோம். 0.02 ஆம்பியர் காட்டியது. தூங்கும் போர்டு அவ்வளவுதான் எடுக்கும். 3.3 வந்தது, 5 வந்தது. கட்டுப்பாட்டை உயர்த்தி, பட்டனை அழுத்தச் சொன்னார். அக்காவே அழுத்தினாள். ஆம்பியர் எண் மேலும் கீழும் குதித்தது. திரை வெளிச்சமானது. 8,500 ரூபாய் சொன்ன வேலைக்குப் புது பாகமே வாங்கியிருந்தாலும் பத்து ரூபாய்க்குள்தான் ஆகியிருக்கும். அக்கா புராஜெக்ட்டை நேரத்தில் கொடுத்துவிட்டாள்.

6. எல்லாம் பிழைக்குமா?

பிழைக்காது. அதையும் சொல்லணும். அடுத்த வாரமே ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் லேப்டாப் வந்தது. அதில் பிராசசருக்கு முன்னால் உள்ள மாஸ்பெட் ஷார்ட் ஆகி, 1 வோல்ட் சாப்பிடும் பிராசசருக்கு 19 வோல்ட் நேராகப் போய்விட்டது. மாஸ்பெட்டை மாற்றலாம், வெந்துபோன பிராசசரை என்ன செய்வது? "காசு செலவு பண்ணாதீங்கண்ணே" என்று சித்தப்பா சொல்லி, பார்த்த கூலிகூட வாங்காமல் அனுப்பினார்.

இன்னொன்று: பிராசசர் காயிலில் ஓம் அளந்தால் நல்ல போர்டிலேயே மிகக் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து ஷார்ட் என்று நினைத்து நல்ல போர்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

தண்ணீரோ டீயோ கொட்டியிருந்தால் ஆன் செய்து பார்க்கவே கூடாது. சார்ஜர், பேட்டரியைக் கழற்றிவிட்டு உடனே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். அரிசி மூட்டையில் வைத்தால் சரியாகாது. டீயில் உள்ள சர்க்கரையும் உப்பும் போர்டிலேயே தங்கி, பச்சையாகப் பூத்து அரித்துக்கொண்டே இருக்கும்.

7. போர்டு செத்தாலும் பைல் சாகாது

பலர், "போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் போச்சே" என்று அழுவாங்க. போர்டு வேறு, ஹார்டு டிஸ்க் வேறு. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால் பெரும்பாலும் பைல்களை எடுத்துவிடலாம். (பூட்டுப் போட்ட டிஸ்க் என்றால் அதன் சாவி எண் வேண்டும்.) ஆனால் சில புது மாடல்களில் சேமிக்கும் சிப்பும் போர்டிலேயே பற்று வைத்திருக்கும். அப்போது போர்டைப் பிழைக்க வைத்தால்தான் பைல் கிடைக்கும். அதனால் முக்கியமானதை இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள்.

8. குப்பையில் போடலாமா?

கூடாது. எரிக்கவும் கூடாது. போர்டை எரித்தால் விஷப்புகை வரும். பழைய பற்றில் ஈயம் இருக்கும், அது மண்ணிலும் கிணற்றிலும் சேரும். மின்னணுக் கழிவுக்கு என்றே மத்திய அரசின் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன; பதிவு செய்த மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேரணும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கலாம்: இது உண்மையிலேயே செத்துப்போச்சா, இல்ல ஒரு நொய்தான் கெட்டுப்போச்சா?

திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் படித்தோமே. முதலில் நோய் என்ன, பிறகு அதன் காரணம் என்ன, அதற்குப் பிறகுதான் தீர்க்கும் வழி என்று வள்ளுவர் வரிசை வைத்திருக்கிறார். சித்தப்பா கடையிலும் அதே வரிசைதான். முதலிலேயே பாகத்தை மாற்றுபவர் மூன்றாவதை முதலில் செய்கிறார்.

யோசித்து விடை எழுதுங்கள்!

1. மீட்டர் 0.7 ஓம் காட்டுகிறது. மீட்டர் வயரின் தடை 0.2 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் எத்தனை ஆம்பியர் ஓடும்?
2. மின்தடையின் மேல் 472 என்று இருந்தால் அது எத்தனை ஓம்?
3. மெயின் லைனில் 25 வோல்ட் மின்தேக்கிக்குப் பதில் 16 வோல்ட் மின்தேக்கி வைத்தால் என்ன ஆகும்? ஏன்?
4. 3.3 வோல்ட் வரவில்லை. ரேமை மாற்றிப் பார்ப்பது சரியா? காரணம் கூறு.

விடைகளை ஒரு தாளில் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில் வரும். அறிவியல் ஆசிரியர் அனுமதி கொடுத்திருக்கிறார். சித்தப்பா தந்த இரண்டு கழிவு போர்டுகளும் ஒரு மீட்டரும் ஆய்வகத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் வந்தால் மின்தேக்கி எது, மாஸ்பெட் எது என்று தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மின்சாரம் இணைக்க மாட்டோம், பயப்படாமல் வாங்க. ஆறாம் வகுப்புத் தங்கச்சி தம்பிகளும் வரலாம்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி